சிவப்புக்கு அடியில் பச்சை

புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மாதாமாதம் பிரெஞ்சு பென்ஷன் வரும். ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். மற்ற நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து நியாயம் பேசுவார். இந்தக் கட்டுரையில் வரும் பெரியவர் அப்படி ஊர் திரும்பிய சொல்தா அல்ல. குருசுக்குப்பத்தில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தின் வண்டிப் பட்டறைகளில் கை கறுக்க வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் நார்மண்டியில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர். மாப்பிள்ளைக்கு ஷெர்பூர் துறைமுகத்தில் வேலை. சுற்றிலும் மாட்டுப் பண்ணை, ஆப்பிள் தோப்பு, ஓயாத மழை. பெரியவருக்குப் பொழுது போகவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. ஒருநாள் அவரைக் கூட்டிப்போய்த் தன் களஞ்சியத்தின் பின்கதவைத் திறந்து காட்டினார். வைக்கோல் கட்டுகளுக்கும் உடைந்த கலப்பை ஒன்றுக்கும் பின்னால் சிவப்பு நிறத்தில் ஒரு லாரி நின்றது. பத்துச் சக்கரமும் காற்றிறங்கி ரிம்மில் உட்கார்ந்திருந்தன. டிரைவர் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. போனட்டின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே பெரியவருக்கு இருக்கவில்லை. மூக்கைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: ஜி.எம்.சி. அவர் வாயில் அது பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற மாதிரி 'ஜேயெம்சே' என்றுதான் வந்தது. ராணுவத்தில் சேர்ந்த புதிதில் அவர் பட்டறையில் படித்த பாடமே இந்த வண்டிதான்.

பண்ணைக்காரர் சொன்ன வரலாறு சுருக்கமானது. அவருடைய அப்பா அதை ஊர்த் தீயணைப்புப் படையிடமிருந்து வாங்கினார். பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து, காட்டிலிருந்து மரம் இழுக்க வைத்துக்கொண்டார். அப்பா போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை. இப்போது அதை ஓட வைக்க வேண்டும், 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் கரையிறங்கியதை நினைவுகூரும் ஜூன் 6 விழாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மகனுக்கு ஆசை.

பிரான்ஸ் கிராமத்தில் ஓர் அமெரிக்க லாரி கிடப்பது பெரிய அதிசயமில்லை. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா இந்த ரகத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைச் செய்து தள்ளியது. மிச்சிகன் மாநிலம் பான்டியாக் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான் பெரும்பாலும். முழுப் பெயர் ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ. அந்த எழுத்துகளிலேயே வண்டியின் ஜாதகம் இருக்கிறது. முதல் 'சி' 1941ஆம் ஆண்டு வடிவமைப்பு, இரண்டாவது 'சி' எஞ்சினுக்குப் பின்னால் கேபின் அமைந்த வழக்கமான லாரி, 'கே' முன்சக்கரங்களுக்கும் இழுவை உண்டு, 'டபிள்யூ' பின்னாலுள்ள இரண்டு அச்சுக்கும் இழுவை உண்டு. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது கணக்கு. போர்க்காலத்தில் தார்ச்சாலையில் அதற்கு இரண்டு மடங்கு ஏற்றினார்கள். காலி வண்டியே ஐந்து டன்னுக்கு நெருக்கம். எஞ்சின் ஆறு சிலிண்டர் பெட்ரோல், 4.4 லிட்டர், நூறு குதிரைத்திறனுக்கு அக்கம்பக்கம். இன்று ஒரு சாதாரணக் காரிலேயே இதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் கியரைக் குறைத்துப் போட்டு, முன் அச்சையும் இணைத்துவிட்டால் சேற்றில் இந்த லாரி போகும் போக்கே வேறு.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் இவற்றை ஏற்றிக்கொண்டு போகவில்லை. கப்பல் செலவுக்குக் கட்டாது. பிரெஞ்சு ராணுவம் ஏராளமாக எடுத்துக்கொண்டு, பிரித்துப் பூட்டிப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. கழித்துக் கட்டியவை தீயணைப்புக்கும், சர்க்கஸ் கம்பெனிக்கும், மர வியாபாரிக்கும், ரோட்டில் நின்றுபோன வண்டிகளை இழுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் போயின. களஞ்சியத்திலிருந்த வண்டியும் அந்த வழியில் வந்ததுதான்.

வேலை தொடங்கிய அன்றே மாப்பிள்ளை கையில் பேட்டரியோடு வந்து நின்றார்.

"செல்ஃப் அடிச்சுப் பாத்துடலாமா மாமா?"

"இது பன்னெண்டு வோல்ட்டு மாப்பிள்ளை. இந்த வண்டிக்கு ஆறு வோல்ட்டு. உங்க காருலயே மாட்டுங்க."

வோல்ட் சரியாக இருந்திருந்தாலும் பெரியவர் விட்டிருக்க மாட்டார். நெடுநாள் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் செல்ஃப் போட்டுச் சுற்றுவதுதான் அதைக் கெடுக்கிற முதல் வேலை. எஞ்சின் எந்த நிலையில் நின்றதோ, அந்த நிலையில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அந்த வழியாக ஈரக்காற்று உள்ளே போய், சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். வால்வின் தண்டும் அதன் குழலில் இறுகிப் போகும். அப்படி இறுகிய வால்வை எஞ்சின் பலத்தோடு தள்ளினால் புஷ்ராட் வளையும். வளைந்தால் தலையைக் கழற்ற வேண்டும். தலையைக் கழற்றினால் போல்ட் உடையும். ஒன்றைத் தொட்டால் பத்து.

அதனால் அவர் ஆறு பிளக்குகளையும் கழற்றினார். ஒவ்வொரு துளையிலும் டீசலையும் எஞ்சின் ஆயிலையும் கலந்து ஊற்றிவிட்டு, துணியால் மூடி வைத்து, வீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு இது வேலையாகவே தோன்றவில்லை. அடுத்த வாரமும் ஊற்றினார். அதற்கடுத்த வாரமும்.

ஊறிக்கொண்டிருந்த நாட்களில் எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தார்கள். உள்ளே பழைய ஆயில் கறுப்புக் களிம்பாக ஒட்டிக் கிடந்தது. ராக்கர்களுக்குக் கீழே பன்னிரண்டு வால்வு ஸ்பிரிங்குகள். பெரியவர் ஒவ்வொன்றின் தலையிலும் சுத்தியலின் மரப்பிடியை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் ஸ்பிரிங் இறங்கி, விட்டால் 'டக்'கென்று மேலே வர வேண்டும். பதினொன்று வந்தன. நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் பாதி இறங்கிய நிலையிலேயே நின்றது. ஸ்பிரிங் அமுங்கியே கிடந்தது. ஒரு பழைய தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியால் தண்டின் ஓரத்தில் டீசல் சொட்டுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் செப்புச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். மேலே அல்ல, பக்கவாட்டில். இடுக்கியால் தண்டைப் பிடித்து இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி டீசல், மறுபடி தட்டு. பண்ணைக்காரர் இரண்டு முறை காபி போட்டுக் கொண்டுவந்தார். சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் அந்த வால்வு ஒரு நூல் அளவு மேலே வந்தது. பிறகு இன்னொரு நூல். அதன்பின் தானாகவே ஏறிக் குதித்தது. மாப்பிள்ளை கைதட்டினார். பெரியவர், 'இன்னும் பத்துத் தடவை இறக்கி ஏத்தணும், அப்பதான் நம்பலாம்' என்று சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினார்.

இந்த லாரிக்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வசதி உண்டு. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தபோது எஞ்சின் முதலில் அசையவில்லை. ஒரே பக்கம் தள்ளாமல் முன்னும் பின்னும் ஆட்டுவதுதான் இதில் சூட்சுமம். துரு உதிர்ந்து, உதிர்ந்த தூளுக்கு நகர இடம் கிடைக்க வேண்டும். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றியபோது பிளக் துளைகளிலிருந்து டீசல் பீய்ச்சியடித்துக் களஞ்சியத்தின் ஓட்டு உத்தரம் வரை போயிற்று.

பெட்ரோல் தொட்டி இன்னொரு கதை. 150 லிட்டர் பிடிக்கிற தொட்டி. மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை வரவில்லை; பழைய வார்னிஷ் டப்பாவின் வாசனைதான் வந்தது. அடியில் பழுப்பு நிறப் பசை. தொட்டியை இறக்கி, உள்ளே சிறு சங்கிலிகளையும் கரைப்பானையும் போட்டு மூடி, டிராக்டரின் பின்னால் கட்டி உருட்டினார்கள். பெட்ரோல் பம்ப்பின் ரப்பர்த் திரையைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் போட வேண்டாம் என்று பெரியவர் தடுத்துவிட்டார். பிரான்ஸில் 2009 முதல் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கிறார்கள். 1940களின் ரப்பர் அதைத் தாங்காது. ஊறி, பிசுபிசுத்து, ஒருநாள் நடுரோட்டில் கிழியும். புது ரகத் திரையை வாங்கினார்கள். அதுவரை பொறுமையில்லாத மாப்பிள்ளைக்காக ஒரு டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, எஞ்சினுக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டு, ரப்பர்க் குழாயைக் கார்புரேட்டரில் சொருகினார்கள். ஆயில் ராக்கர் வரை ஏறுகிறதா என்று ஹேண்டில் போட்டுப் பார்த்த பிறகுதான் இக்னிஷனைப் போட அனுமதி கிடைத்தது.

எஞ்சின் இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. சைலன்சரின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி வைக்கோலும் கொட்டைத் தோலும் எலிக் கூட்டின் மிச்சமுமாகப் பறந்து போய்ப் பின்னால் நின்ற பண்ணைக்காரரின் சட்டையில் விழுந்தன. அவர் அதைத் தட்டிவிடக்கூட இல்லை. களஞ்சியம் முழுவதும் நீலப் புகை.

எஞ்சின் ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரியவரைக் கேட்டால், ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் முக்கியம் என்பார். ஐந்து டன் இரும்பை நிறுத்த இந்த லாரியில் இருப்பது ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்து மிதியின் அழுத்தத்தைப் பெருக்குகிற ஓர் உருளை அதற்குத் துணை. ஆறு அச்சு முனைகளில் எங்கே ஒரு குழாய் உடைந்தாலும் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. சும்மா நின்ற காலத்தில் அந்த ஈரமே வீல் சிலிண்டர்களை உள்ளிருந்து அரித்திருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாவற்றையும் மாற்றினார்கள், குழாய்களையும் புதிதாக வளைத்துப் போட்டார்கள்.

சக்கரம் கழற்றும்போது ஒரு கூத்து. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டை மாப்பிள்ளை ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார். நட்டு அசையவில்லை, போல்ட் முறுக ஆரம்பித்தது. பெரியவர் வந்து போல்ட்டின் முனையைத் துணியால் துடைத்துக் காட்டினார். அங்கே 'எல்' என்ற எழுத்து பொறித்திருந்தது. இடப்பக்க மரைகள் எதிர்ப்புறமாக வெட்டியவை. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்து லாரிகளில் செய்த ஏற்பாடு அது. அதுவரை மாப்பிள்ளை முழுப் பலத்தோடு நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்த கையோடு பெரியவர் முகம் மாறியது டயருக்குக் காற்றடிக்கிற இடத்தில். இந்த ரிம்களில் டயரைப் பிடித்து வைப்பது ஓர் இரும்பு வளையம். துரு ஏறிய வளையம் சரியாக அதன் பள்ளத்தில் உட்காராமல் இருந்து, நாம் காற்றடித்துக்கொண்டே போனால், அது ஒரு கணத்தில் தெறிக்கும். எதிரில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். பட்டறை வாழ்க்கையில் அவர் இதைப் பார்த்திருக்கிறார். அதற்குமேல் சொல்ல மாட்டார். ஒவ்வொரு வளையத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, கீறல் உள்ளதை ஒதுக்கி, டயரைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீண்ட குழாயில் காற்றைத் திறந்துவிட்டு எல்லாரையும் சுவருக்கு அப்பால் போகச் சொன்னார். பண்ணைக்காரரின் நாயைக்கூட.

உதிரிப் பாகம் கிடைத்ததா என்று கேட்கலாம். இன்று பத்து வருஷக் காருக்குக் கிடைக்காத சாமான், எண்பது வருஷப் பழசான இந்த லாரிக்குக் கிடைக்கிறது! மெழுகு போன்ற கெட்டியான கிரீஸில் தோய்த்து, காகிதத்தில் சுற்றி, போர்க்காலத்தில் கட்டிய பொட்டலங்களையே இன்னும் பிரித்து விற்கிறார்கள். லட்சக்கணக்கில் செய்த வண்டி; எந்தத் தேதியில் வந்த வண்டியிலிருந்து கழற்றினாலும் இன்னொன்றில் பூட்டலாம் என்று திட்டமிட்டுச் செய்தது. கவனிக்க வேண்டியது அச்சின் ரகம். இரண்டு கம்பெனிகளின் அச்சுகளைப் போட்டார்கள். ஒன்று நடுவில் உருண்டையாக இருக்கும், இன்னொன்று இரண்டாகப் பிளந்து சேர்த்தது மாதிரி இருக்கும். எது என்று தெரியாமல் சாமான் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். இது உருண்டை ரகம்.

அமெரிக்க ராணுவம் இந்த லாரிக்கு அச்சிட்ட கைப்புத்தகம் டி.எம். 9-801. அதன் மறுபதிப்பு ஒன்றைப் பண்ணைக்காரர் வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளை ராத்திரியில் அதைப் படித்துவிட்டு வந்து காலையில் மாமனாரைக் கேள்வி கேட்பார். ஸ்பேனரையே பிடித்தறியாத பையன்களைப் படையில் சேர்த்து, சில வாரங்களில் வண்டியோடு அனுப்பிவைத்த காலத்தில் எழுதியது அது. வண்டியை எடுக்குமுன் எதைப் பார்ப்பது, ஓடும்போது எதைக் கேட்பது, நிறுத்தியதும் எதைத் தொட்டுப் பார்ப்பது என்று படம் போட்டு விளக்கியிருக்கும். கணினியோடு கேபிளை மாட்டாமல் எந்தக் காரையும் திறக்க முடியாத இந்தக் காலத்தில், அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பண்ணைக்காரருக்குப் பிடித்த கதை வேறு. கரையிறங்கிய அமெரிக்கப் படை பிரான்ஸுக்குள் விறுவிறுவென்று முன்னேறியபோது டாங்கிகளுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. ரயில் பாதைகளை நேச நாட்டு விமானங்களே முன்பு குண்டு போட்டு உடைத்திருந்தன. அதனால் 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, ராணுவ லாரிகளுக்கு மட்டும் என்று ஒருவழிச் சாலைகளை ஒதுக்கி, இரவும் பகலும் சரக்கு ஓட்டினார்கள். 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். தொடங்கிய நாலைந்து நாளிலேயே ஒரே நாளில் 5,958 வண்டிகள் ஓடி, 12,000 டன்னுக்கும் மேல் கொண்டுபோய்ச் சேர்த்தன. மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. ஓட்டியவர்கள் அதை மதிக்கவில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். வெள்ளையர்களோடு சேர்ந்து சண்டையிட அவர்களைப் பொதுவாக விடாத ராணுவம் அது. ஸ்டீயரிங்கைத்தான் கொடுத்தது. அந்த ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை நீக்கச் சொல்லி அதிபர் ட்ரூமன் ஆணையிட்டது 1948இல். தன் லாரியும் அந்தச் சாலையில் ஓடியது என்று பண்ணைக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

உப்புத்தாள் பிடிக்கும் வேலை தொடங்கியதும் தகராறு ஆரம்பித்தது.

மேலே தீயணைப்புச் சிவப்பு, இரண்டு பூச்சு. அதைத் தேய்த்தால் கொஞ்சம் பளபளப்பான கரும்பச்சை. பிரெஞ்சு ராணுவம் அடித்தது. அதற்கும் கீழே, பள்ளங்களில் மட்டும் தங்கியிருந்த மங்கலான பச்சை, மினுமினுப்பே இல்லாதது. அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிறம் அது. மூன்று நிறம் வெளியே வந்ததும் மூன்று பேரும் மூன்று கட்சி ஆனார்கள். பண்ணைக்காரருக்கு மங்கல் பச்சையும் போனட்டில் அமெரிக்க ராணுவ அடையாளமான பெரிய வெள்ளை நட்சத்திரமும் வேண்டும். மாப்பிள்ளை, சிவப்பே இருக்கட்டுமே என்றார். ஊரில் வயதானவர்கள் எல்லாரும் இந்த வண்டியைத் தீயணைப்பு வண்டியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், களஞ்சியப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். பெரியவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கட்சி எதுவென்று பின்விளக்குகளைப் பூட்டும்போதுதான் தெரிந்தது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி போர்க்கால லாரிகளுக்கு இருட்டு விளக்குகள் உண்டு. பின்விளக்கின் கண்ணாடியைச் சிறு துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். பின்னால் வருகிற டிரைவருக்கு நாலு புள்ளி தெரிந்தால் மிக நெருங்கிவிட்டார், இரண்டு தெரிந்தால் சரியான தூரம், ஒன்றாகத் தெரிந்தால் பின்தங்கிவிட்டார். கைப்புத்தகத்தில் மாப்பிள்ளை இதைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியவர் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். எங்கே படித்தது என்று கேட்டதற்கு, "எங்க அப்பா சொல்லித் தந்தது. எனக்கு ஆறு வயசு இருக்கும்" என்றார்.

அப்பாவும் சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சு ராணுவத்துக்கு லாரி ஓட்டியவர். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் கப்பல் போக்குவரத்து உண்டு. தமிழர்கள் அங்கே குமாஸ்தாவாகவும், போலீஸாகவும், வட்டிக்கடை நடத்துபவர்களாகவும், சிப்பாய்களாகவும் இருந்தார்கள். பிரெஞ்சுப் படை அங்கே ஓட்டியதில் பெரும்பங்கு இதே ஜேயெம்சேதான். கவோ பாங்குக்கும் லாங் சோனுக்கும் இடையிலான நாலாம் எண் மலைச்சாலையில் கான்வாய்கள் எத்தனை முறை மறைந்திருந்து தாக்கப்பட்டன என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அந்தச் சாலையில் ஓட்டினாரா என்பது மகனுக்குத் தெரியாது. அவர் அதையெல்லாம் பேசியதில்லை. பேசியது விளக்குகளைப் பற்றி, டபுள் கிளட்ச் போடுவதைப் பற்றி, மழையில் கேன்வாஸ் கூரை ஒழுகுவதைப் பற்றி. குருசுக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரே போட்டோவில் அவர் ஜேயெம்சேயின் மட்கார்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா என்று ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. அப்பா எழுதிக் கொடுத்தார். அதனால்தான் மகன் பிரெஞ்சு ராணுவத்தில் சேர முடிந்தது, நார்மண்டியில் ஒரு களஞ்சியத்தில் நின்று உப்புத்தாள் பிடிக்கவும் முடிந்தது.

ஆகவே அவருக்கு நடுவிலிருந்த கரும்பச்சை.

வண்டி பண்ணைக்காரருடையது, பணமும் அவருடையது. நட்சத்திரம்தான் ஜெயித்திருக்க வேண்டும். டாஷ்போர்டு கெடுத்துவிட்டது. தீயணைப்பு வீரர்கள் அதிலிருந்த தகடுகளின்மேலும் தாராளமாகச் சிவப்பை அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை பெயின்ட் கரைப்பானைத் தொட்டுத் தொட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். முதலில் வேகத் தகடு வெளிவந்தது: ஐந்தாம் கியரில் 45 மைலுக்கு மேல் கூடாது. அடுத்தது வண்டியின் எண்ணும், தொழிற்சாலை அதை ராணுவத்திடம் ஒப்படைத்த தேதியும் உள்ள தகடு. தேதி 1945 பிப்ரவரி.

ஜூன் 6க்கு இந்த லாரி பிறக்கவே இல்லை. ரெட் பால் எக்ஸ்பிரஸ் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பண்ணைக்காரர் நம்பவில்லை. தகட்டை எவனாவது மாற்றி மாட்டியிருப்பான் என்றார். அதில் நியாயமும் இருந்தது. பிரெஞ்சுப் பட்டறைகளில் ஒன்றின் கேபினை இன்னொன்றின் சட்டத்தில் ஏற்றுவது சகஜம், பெரியவரே ஏற்றியிருக்கிறார். அதனால் சட்டத்தின் முன்முனையில் பொறித்த எண்ணைத் தேடினார்கள். கிரீஸும் சேறும் சுரண்டியபின் அது தெரிந்தது. தகட்டிலிருந்த அதே எண்.

"எல்லாரும்தானே நட்சத்திரம் போடுகிறார்கள்" என்றார் பண்ணைக்காரர். அது உண்மை. விழாவில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு மேல் அன்றைக்கு இந்தக் கரையில் இருந்திருக்க வாய்ப்பில்லாதவை. யாரும் அதைத் துருவிக் கேட்பதும் இல்லை. நட்சத்திரம் போட்டால் பொய் என்று பெரியவர் சொல்லவில்லை. 1945 வண்டியும் அமெரிக்கர்களிடம் நட்சத்திரத்தோடுதான் போயிருக்கும். ஆனால் அந்த வேஷத்தில் அது சில மாதம்தான் இருந்திருக்கும். மிச்ச ஆயுளெல்லாம் பிரெஞ்சு ராணுவத்திலும் தீயணைப்பிலும் மரம் இழுப்பதிலும் போயிற்று. வண்டி சீரமைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எண்பது வருஷ வாழ்க்கையைத் தேய்த்து எறிந்துவிட்டு ஒரே ஒரு கோடைகாலத்தை மட்டும் பெயின்ட் அடித்து வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு வண்டியைப் போலவே இன்னொன்றும் இருக்கும்.

பண்ணைக்காரரை மாற்றியது வாதம் அல்ல, அவருடைய அம்மா. தள்ளாத வயதில் களஞ்சியம் வரை வந்து, கழற்றிப் போட்ட பாகங்களுக்கு நடுவே நின்று பார்த்த அந்த அம்மாள், "இதில்தான் உன் அப்பா என்னைக் கராந்தான் சந்தைக்குக் கூட்டிப்போவார்" என்றார். அமெரிக்கர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மாள் சின்ன வயதில் குண்டுவீச்சைப் பார்த்தவர். சேன்-லோ நகரம் மண்மேடானதை அறிந்தவர். நட்சத்திரம் பார்க்க அவருக்குப் பெரிய ஆவல் ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியில் வெளிப்புறம் முழுவதும் கரும்பச்சை ஆயிற்று. டாஷ்போர்டைச் சிவப்பாகவே விட்டார்கள், தகடுகளை மட்டும் சுத்தம் செய்து. ராணுவ எண் எழுதவில்லை. பம்பரில் பழைய எண்ணின் நிழல் இருந்தது, ஆனால் முழுசாகப் படிக்க வரவில்லை. கற்பனையாக ஒன்றை எழுதப் பெரியவர் சம்மதிக்கவில்லை. பின்னால் பலகைத் தளம் புதிதாக அடித்தார்கள்.

காகித வேலைகள் சீக்கிரம் முடிந்தன. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பிரான்ஸில் தனிப் பதிவு உண்டு. ஓட்டுவதற்குத்தான் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கான லைசென்ஸ் வேண்டும். அது பெரியவரிடம் மட்டும் இருந்தது, ராணுவத்தில் எடுத்தது. வயது காரணமாக டாக்டர் சான்றிதழையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனைக்குப் போன அன்று அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனதாக மகள் சொல்கிறார்.

முதல் நீண்ட ஓட்டம் ஜூன் விழாவுக்கு. பவர் ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் தோளே கழன்றுவிடும் போலிருக்கும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். நடுவில் நியூட்ரலில் எஞ்சினுக்கு ஒரு சின்ன உறுமல் கொடுக்காவிட்டால் பல்சக்கரம் கரகரவென்று ஏசும். பக்கத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை அதை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். லைசென்ஸுக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார். நூறு கிலோமீட்டருக்கு முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடித்தது. விழா மைதானத்தில் இரண்டு பேர் வந்து வண்டி எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார்கள். ஒருவர் நட்சத்திரம் அடிக்க மறந்துவிட்டீர்களா என்றார். ஒரு முதியவர் மட்டும் அதையெல்லாம் கேட்காமல் டாஷ்போர்டின் சிவப்பை எட்டிப் பார்த்து, எந்த ஊர்த் தீயணைப்பு என்று விசாரித்தார். அவரோடுதான் புதுச்சேரிக்காரர் மதியச் சாப்பாடு முடியும் வரை பேசிக்கொண்டிருந்தார்.

பண்ணைக்காரர் அன்றைக்குத் திரும்பும்போது மைதானத்துக் கடை ஒன்றில் நட்சத்திரம் அடிக்கிற ஸ்டென்சிலை வாங்கிக்கொண்டார். அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்கிறார். அதற்கு இன்னும் பல வருஷம் இருக்கிறது என்று மாப்பிள்ளை சமாதானம் சொல்கிறார். பெரியவருக்கு இப்போதைக்கு வேறு கவலை: முன் அச்சின் வலப்பக்க ஆயில் சீல் கசிகிறது. கழற்றினால் உருண்டை ரகம் என்று சொல்லித்தான் சாமான் கேட்க வேண்டும்.